முதல் வாய்ச் சோறு

சித்த பேச்சுக் குடுத்துட்டே இருங்க அம்மிணி. இல்லாட்டி நான் இந்தச் சேர்லயே தூங்கிருவேன். காத்தால இருந்து கண்ணு சொக்குது. நேரமே எந்திரிச்சு அடுப்புப் பத்த வெச்சது, அப்பறம் சோமனூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தது, எல்லாம் சேந்துக்கிச்சு. பேர் கூப்படறப்ப நான் தூங்கிட்டிருந்தேன்னு வெய்யிங்க, அந்தப் பெனிட்டா அதுக்கும் ஒரு அர்த்தம் கண்டுபுடிப்பா.

பெனிட்டாவத் தெரியாதுங்களா? நீல ஸ்கூட்டர்ல வருமே, அந்தப் புள்ள. நீ நர்ஸா, டாக்டரான்னு கேட்டா ரெண்டும் இல்லீங்கும். பசங்களோட பேசறதுதான் அவ வேலையாமா. போகப் போகத் தெரிஞ்சுக்குவீங்க.

நீங்க ஆரைப் பாக்க வந்தீங்க? தம்பிங்களா? காலேஜ் படிக்கறானா? அட பாவமே. எங்க தரணியும் காலேஜ்தானுங்க. தரணிதரன். உள்ள போனா பாப்பீங்க, ஒசரமா, கண்ணாடி போட்டுக்கிட்டு, வெங்காயம் உரிச்சிட்டு இருப்பான். ஊட்டுல ஒரு சோத்து வட்டலக் கழுவ உட்டதில்ல நானு. இங்க வெங்காயம் உரிக்க உடறாங்க. கேட்டா, பசங்க எல்லாம் ஒட்டுக்கா சமைச்சு ஒட்டுக்கா திங்கறதும் வைத்தியத்துல சேத்திதானாமா.

தம்பிக்குத் திங்கறதுக்கு என்ன கொண்டாந்தீங்க? பிஸ்கட்டுங்களா? சரி, மொதத் தடவ தான. அடுத்த தடவ சோறு கொண்டாங்க, கொண்டாரலாம். வாசல்ல தொறந்து பாப்பாங்க. பிளேடு, பீடி இருக்குதான்னு பாப்பாங்க, அவ்வளவுதான். மோந்துகூடப் பாக்க மாட்டாங்க.

நான் இன்னிக்கு அரிசிம்பருப்பு கொண்டாந்திருக்கறேன். எங்க தரணிக்கு அதுன்னா உசுரு. நீங்க எந்த ஊரு? அப்பத் தெரிஞ்சிருக்கும். எங்க பக்கம் வாரத்துல ரெண்டு நாளு அதான் சோறு. அரிசியும் துவரம்பருப்பும் ஒட்டுக்கா வெந்து, பூண்டு தட்டிப் போட்டு, மேல நெய்ய உட்டு. ரொம்ப நாளுக்கு அப்பறம் அவனே கேட்டிருக்கான். "அம்மா செஞ்ச அரிசிம்பருப்பு வேணும்"னு பெனிட்டாகிட்டச் சொல்லிருக்கான். அவ நேத்து போன்ல சொன்னப்ப எனக்குக் கையுங் காலும் ஓடல அம்மிணி. என்ற பையன் என்ற கையில தின்னு எத்தன மாசம் ஆச்சுன்னு நெனைக்கறீங்க?

ஏன்னு கேக்கறீங்களா? சொல்றேன். நீங்களும் ஒரு பையன இங்க உட்டிருக்கீங்க, தெரிஞ்சுக்கறது நல்லது.

எங்க ஊட்டுக்குப் பின்னாலயே தறிக் குடோனுங்க. எங்கூட்டுக்காரரும் நானுந்தான் ஓட்டறது. தரணி பொறந்ததுல இருந்து அந்தச் சத்தத்துல தூங்கி வளந்தவன். தறி நின்னாத்தான் முழிச்சுக்குவான். அப்புடிப்பட்டவன் ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு வந்தவன், ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, "அம்மா, தறிய நிறுத்தச் சொல்லு, அது பேசுது"ன்னான். நான் சிரிச்சுட்டேன். என்னடா பேசுதுன்னு கேட்டேன். "திங்காத, திங்காதன்னு சொல்லுது"ன்னான். சரி, காலேஜ் பையன், நம்மளக் கேலி பண்றான்னு உட்டுட்டேன். மத்தியானம் கரண்டு போச்சு. எங்க தெருவே கப்சிப்னு ஆயிருச்சு. இப்பச் சரியாப் போச்சாடான்னு கேட்டேன். சொவத்தோரமாக் குந்திக்கிட்டு, "இன்னும் கேக்குதும்மா"ன்னான்.

ஹாஸ்டல் சோத்துல என்னமோ கலக்கறாங்கன்னான். தண்ணித் தொட்டியில கலக்கறாங்கன்னான். எதுத்த ஊட்டுக்காரன் செல்போன்ல பேசறதெல்லாம் இவனப் பத்தித்தானாமா. அவிங்க அப்பா ஊத்திக் குடுத்த டீயத் தொடல. ஆனா ஒன்னு அம்மிணி, என்ற கையில மட்டும் தின்னான். "நீ போடும்மா. உன்னைய மட்டுந்தான் நம்பறேன்"னான். பெத்தவளுக்கு அதுக்கு மேல என்னங்க வேணும்? ஒலகத்துலயே ஒரே ஒருத்தியத்தான் நம்பறான், அது நானு. மீசை மொளச்ச பையனுக்குச் சோத்தப் பெனஞ்சு வாயில ஊட்டுனேன். அழுதுக்கிட்டே ஊட்டுனேன், ஆனா உள்ளுக்குள்ள ஒரு பெருமை இருந்துச்சு. இல்லீன்னு ஏன் சொல்லோணும்?

அவன் காலேஜ்ல ஒரு வாத்தியாரம்மா. புண்ணியவதி. வகுப்புல தனியாப் பேசறான், பரீட்சையில வெறுந்தாளக் குடுத்துட்டான்னு கவனிச்சு, அவங்களே போன் பண்ணி, "திட்டாதீங்க, அடிக்காதீங்க, ஒடனே இங்க கூட்டிட்டுப் போங்க"ன்னு இந்த மனநல ஆஸ்பத்திரியச் சொன்னாங்க. ஒறம்பரை சொந்தத்துல ஒருத்தரு குறி கேக்கப் போலாம்னாரு. நான் அந்த மாதிரி ஆளு இல்லீங்க. நேரா இங்கதான் கூட்டியாந்தேன். பெரிய டாக்டரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? "நேரமே வந்துட்டீங்கம்மா. பல பேரு வருசக்கணக்கா வெச்சிருந்து, முத்துனப்பறம் வாராங்க. இப்பவே பாத்துக்கிட்டா படிப்பு, வேலை எல்லாம் திரும்பி வர்றதுக்கு நல்ல வாய்ப்பு இருக்குது"ன்னாங்க. அந்தப் பேச்ச நான் மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்குவேன். நேரமே வந்துட்டீங்க.

மாத்திரை குடுத்தாங்க. தரணி தொடல. நான் என்ன நெனச்சேன்னா, ரெண்டு ஆம்பளைங்க வந்து புடிச்சுக்கிட்டு ஊசியப் போட்டுருவாங்க, முடிஞ்சுதுன்னு. இவிங்க அப்புடிப் பண்ண மாட்டாங்களாமா. அவனுக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்து இல்லாத வரைக்கும், அவன் ஒத்துக்கிட்டாத்தான் மருந்தாமா. பெனிட்டா வாரம் தவறாம எங்க ஊட்டுக்கு ஸ்கூட்டர்ல வந்தா. வாசல்லயே நின்னு, "தரணி, உள்ள வரலாமா?"ம்பா. எங்க ஊட்டுக்குள்ள வாரதுக்கு அவன்கிட்டக் கேக்கறா, பாத்துக்குங்க. "இன்னிக்குப் பேசலாமா, சும்மா உக்காந்திருக்கலாமா?"ம்பா. ரெண்டு பேரும் குடோன் வாசல்ல உக்காந்து செல்போன்ல கிரிக்கெட் பாப்பாங்க. இதுக்குச் சம்பளம் வேற.

எப்பத்தான்டி மாத்திரை திம்பான்னு ஒருக்கா கேட்டுட்டேன். "திம்பான்மா. மொதல்ல எங்க மேல நம்பிக்கை வரட்டும். வந்துட்டிருக்குது. கொஞ்சம் பொறுங்க"ன்னா.

பொறுக்கறது அவளுக்கென்ன? அவ ஊட்டுக்குப் போயித் தூங்குவா. என்ற பையன் தூங்கலியே. கன்னம் ஒட்டிப் போச்சு. முட்டி ரெண்டும் துருத்திக்கிட்டு நின்னுச்சு. சொவத்தப் பாத்துச் சிரிப்பான், அடுத்த நிமிசம் மொகத்த மூடிக்கிட்டு நடுங்குவான். ஒரு தாயி அதப் பாத்துக்கிட்டுக் கிரிக்கெட் பாக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.

அப்பத்தான் என்ற நங்கையா வந்தாங்க. எங்கூட்டுக்காரரோட அக்கா. வெவரமானவங்க. வெளியூர்ல ஒரு டாக்டரு இருக்கறாரு, சொட்டு மருந்து எழுதிக் குடுப்பாரு, தண்ணி மாதிரி இருக்கும், வாசமும் இல்ல, ருசியும் இல்ல, சோத்துல கலந்து உட்டா அவனுக்கே தெரியாதுன்னாங்க. போனோம். அந்த டாக்டரு பையனக் கூட்டியான்னுகூடச் சொல்லல. நான் சொன்னதப் பூரா கேட்டாரு, எழுதிக் குடுத்துட்டாரு. எம்புட்டு நல்ல மனுசன். இவிங்க மாசக்கணக்காப் பேசறத அவரு ஒரு டீ குடிக்கற நேரத்துல முடிச்சுட்டாரு.

ஊசி இல்லாத சிரிஞ்சு மாதிரி ஒன்னு பாட்டில் கூடவே வரும். அதுல உறிஞ்சி, சோத்துல உட்டுப் பெனஞ்சுருவேன். அன்னிக்கும் அரிசிம்பருப்புத்தான். என்ற கைய நம்பித் தின்னான். நாலு நாள்ல தூங்குனான் அம்மிணி. தூங்குனான்! நான் பக்கத்துல உக்காந்து மூச்சு வருதா வருதான்னு பாத்துட்டே இருந்தேன். கொஞ்ச நாள்ல தறி பேசறது கொறஞ்சு போச்சுன்னான். தலை வாருனான். அவிங்க அப்பாவோட தறிக்குப் பாவு நூல் புடிக்கப் போனான். பெனிட்டா வந்து பாத்துட்டு ஆச்சரியப்பட்டா. எழுதிக்கிட்டா, தலையாட்டிக்கிட்டா. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. இம்புட்டுப் படிச்சவ, வைத்தியம் பண்ணுனது ஆருன்னு தெரியலியே.

சொன்னேனான்னா? எதுக்குங்க சொல்லோணும்? சொன்னா நிறுத்தச் சொல்லுவா.

அப்பறம் ஒரு நாளு தரணி வட்டலத் தள்ளி வெச்சுட்டான். "அம்மா, தின்னா ஒடம்பெல்லாம் கல்லாட்டம் ஆகுது. கை நடுங்குது. சோத்துல என்னமோ இருக்குது. நீ மொத வாய் தின்னு"ன்னான். தின்னேன். அதுக்கென்ன. ஒரே வட்டல்ல அவனுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். அப்ப அவனுக்குப் போறது பாதியாயிருமே, அதனால கூட உட்டேன். ஒவ்வொரு நாளும் அப்புடித்தான். அவன் என்ற மொகத்தையே பாத்துட்டிருப்பான், நான் மென்னு முழுங்கறவரைக்கும். பொறவுதான் அவன் வாயத் தொறப்பான்.

நான் சொல்றதக் கேட்டுக்குங்க அம்மிணி, நாஞ் சும்மா பேசறவ இல்ல. என்ற புள்ளைக்கான மருந்த அவனோட சேந்து நானும் தின்னவ. எந்தத் தாயி செய்வா? தறிக்கிட்ட நின்னுக்கிட்டே கண்ணு மூடிரும். அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட முடியாது, வெரலு ஆடும். வயசாகுதுன்னு உட்டுட்டேன். ஒரு நாளு சோத்துப் போசியில மிச்சம் இருந்ததத் தெரியாம எங்கூட்டுக்காரரு போட்டுத் தின்னுபோட்டு, தறிய ஓட உட்டுட்டுப் பாவு மூட்டை மேல படுத்துத் தூங்கிட்டாரு. துணியெல்லாம் வீணாப் போச்சு. ஒடம்பு சூடு, எண்ணெ தேய்ச்சுக் குளிங்கன்னு சொல்லி சமாளிச்சேன். சிரிக்கலாம் அம்மிணி, நானும் சிரிச்சவதான்.

இதுக்கு நடுவுல பெனிட்டா என்னமோ சொல்லிக் குடுத்திருக்கா. "ஒரு நெனப்பு வந்தா ஒடனே அத நம்பிராத தரணி. நீ நம்பற ஆளு ஒருத்தர்கிட்டக் கேட்டு சரிபாரு"ன்னு. அவன் நம்பற ஆளு ஆரு? நாந்தான. என்ற முன்னால வந்து உக்காந்தான். என்ற கைய எடுத்து அவன் தலையில வெச்சுக்கிட்டான். "அம்மா, சோத்துல நீ ஒன்னும் கலக்கலீன்னு சத்தியம் பண்ணு. நீ சொல்லிட்டா நான் உட்டுர்றேன். அது என்ற நோய்னு ஒத்துக்கறேன்"னான்.

பண்ணுனேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? தூங்கறான், திங்கறான், நல்லா ஆயிட்டிருக்கான். அந்த நேரத்துல ஆமான்னு சொல்றதா?

என்ற மடியில தலைய வெச்சு அழுதான். "தப்பா நெனச்சுட்டேம்மா. பெத்த தாயப் போயி"ன்னு தேம்பித் தேம்பி அழுதான். அடுத்த வாரம் பெனிட்டா வந்தப்ப அவனே சொன்னானுங்க, "எனக்கு வாரது நோய்தான். எங்கம்மா சோத்துல கலக்கறாங்கன்னு தோணுச்சு. கேட்டேன். இல்ல. அப்ப தறி பேசறதும் நோய்தான். மாத்திரை குடுங்க"ன்னு. தண்ணிய வாங்கி அவனே போட்டுக்கிட்டான். பெனிட்டா கண்ணுல தண்ணி வந்துருச்சு. "இது ரொம்பப் பெரிய விசயம்மா"ன்னு என்ற கையப் புடிச்சுக்கிட்டா. எனக்கும் சந்தோசந்தான்.

சொட்டு மருந்த நிறுத்திருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. மாத்திரைய நாக்குக்கடியில வெச்சுத் துப்பிட்டா? நான் பாத்துட்டே இருக்க முடியுமா? ரெண்டும் இருக்கட்டும்னு இருந்தேன். அவனுக்குக் கழுத்து கொஞ்சம் இழுத்துக்கிச்சு, எச்சில் வடிஞ்சுது. டாக்டரம்மா மாத்திரை ஒத்துக்கலியோன்னு கொறச்சாங்க. அவங்க கொறச்சாங்க, நான் கொஞ்சம் கூட்டிக்கிட்டேன். அளவு சரியாப் போச்சு.

எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. காலேஜுக்குத் திரும்பறதுக்கு தேதிகூடக் குறிச்சாச்சு. அவன் நல்லவனா இருந்ததுதான் அம்மிணி கெடுத்துருச்சு.

ஒரு மத்தியானம் நான் குடோன்லயே சாஞ்சு தூங்கிட்டேன். அம்மா எந்நேரமும் சோந்து சோந்து விழறாளே, இன்னிக்கு ஒரு நாளாச்சும் நாம செஞ்சு அவளுக்குப் போடலாம்னு அவனுக்குத் தோணிருக்குது. அரிசிம்பருப்பு செய்யறதுக்கு அடுப்படிக்குப் போயிருக்கான். அடுப்படிப் பக்கமே எட்டிப் பாக்காதவன். அரிசி எடுத்துக் களைஞ்சு வெச்சுட்டு, பருப்பு டப்பாவுல கைய உட்டிருக்கான். பாட்டில் அதுக்குள்ளதான் இருந்துச்சு.

நான் முழிச்சுப் போறப்ப அவன் அடுப்பு முன்னால நின்னுட்டிருந்தான். ஒரு கையில பாட்டில், இன்னொரு கையில அவன் மாத்திரை அட்டை. ரெண்டுலயும் ஒரே மருந்துப் பேரு. படிச்ச பையன் தான, தெரிஞ்சுக்கிட்டான். கத்துவான், பாத்திரத்தத் தூக்கி அடிப்பான்னு நெனச்சேன். ஒன்னும் பண்ணல. மெதுவாக் கேட்டான். "என்ற தலையில கைய வெச்சுத்தான சொன்ன?"ன்னான். உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு, மருந்துதான் சாமி, வெசமா வெச்சேன்னு கேட்டேன். அது அவன் காதுலயே போகல. ஒன்னே ஒன்னு கேட்டான்.

"அப்ப தறி சொன்னதெல்லாம் நெசந்தானாம்மா?"

அடுப்புல உலை கொதிச்சு வழிஞ்சிட்டிருந்துச்சு. நான் போயி அடுப்ப நிறுத்துனேன். திரும்பிப் பாத்தா பையன் இல்ல.

செருப்புக்கூடப் போடாமப் போயிருந்தான். பஸ் ஸ்டாண்டு, ரயில் ஸ்டேசன், வாய்க்கால், கெணறு, எல்லாப் பக்கமும் தேடுனாங்க. அந்த நாளுங்கள நான் எப்புடி இருந்தேன்னு கேக்காதீங்க. கடைசியில ஈரோட்டத் தாண்டி ஒரு சின்ன ஸ்டேசன்ல, பிளாட்பாரக் கடைசியில சுருண்டு கெடந்தான். உள்ளங்காலு பூரா கிழிஞ்சு போயி. தொண்டையெல்லாம் புண்ணு. உள்ள போனத வெளிய எடுத்துரோணும்னு குச்சிய உட்டு உட்டு வாந்தி எடுத்திருக்கான். நான் ஊட்டுன சோத்த. நான் ஊட்டுன சோத்த அம்மிணி. என்னையப் பாத்ததும் "இவங்கள வரச் சொல்லாதீங்க"ன்னு அங்க நின்ன போலீசுக்காரரு பின்னால போயி ஒளிஞ்சுக்கிட்டான். இவங்களன்னான். அம்மான்னு சொல்லல.

இங்கதான் கொண்டாந்து சேத்தோம். மொத வாரமெல்லாம் தோலோட இருக்கறது மட்டுந்தான் தின்னான். வாழப்பழம், ஆரஞ்சு, அவிச்ச முட்டை, தொலியோட கடலக்காய். ஆரும் உள்ள ஒன்னும் கலக்க முடியாது பாருங்க, அதுனால. என்னையப் பாக்கவே ஒத்துக்கல. நான் இந்தச் சேர்ல உக்காந்துட்டுப் போயிருவேன். டாக்டரம்மா கூப்புட்டு உக்கார வெச்சு எல்லாத்தையும் கேட்டாங்க. சொன்னேன். அப்பறம், "மொதத் தடவ சுலபமாத் தேறி வந்த பையன்மா. இந்தத் தடவ நாளாகும். பழையபடி முழுசா வருவான்னு என்னால சொல்ல முடியாது"ன்னாங்க. என்னைய ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தா நானும் திருப்பிக் குடுத்திருப்பேன்.

பெனிட்டா திட்டாமத் திட்டுவா. "அவன் ஒன்னே ஒன்ன நம்பி அதுமேல எல்லாத்தையும் கட்டுனான்மா. அது உங்க வார்த்தை. நோயிலிருந்து வெளிய வந்ததே அதப் புடிச்சுத்தான்"னா. மன்னிப்புக் கேளுங்கன்னா. பெத்தவள, பெத்த பையன்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்றா! என்னாலதான் கெட்டுச்சுங்கறாங்க. என்னாலதான் தூங்குனான், அத ஆராச்சும் சொல்றாங்களா?

ஆனாலும் அவ உழைக்கறா, இல்லீன்னு சொல்லப்படாது. அவளேதான் அவன அடுப்படிக்குக் கூட்டிப் போனது. "நீயே அரிசியக் கழுவு, நீயே வெங்காயத்த உரி, நீயே போடு, நீயே தின்னு"ன்னு. இப்பச் சோறு திங்கறான். மாத்திரையும் அவன் கையாலயே பிரிச்சுப் போட்டுக்கறானாமா. போன மாசம் என்னைய உள்ள உட்டாங்க. தூரமா உக்காந்தான். அப்பாவுக்கு முட்டி வலி எப்புடி இருக்குதுன்னு கேட்டான். அதுக்கே நான் பஸ்ஸுல திரும்பிப் போறப்ப பூரா அழுதுக்கிட்டே போனேன்.

நேத்து போன் வந்துச்சு. "தரணி உங்க கையால சாப்புடறேன்னு சொல்றான்மா. அவனாத்தான் சொன்னான். ஆனா ஒரு கேள்வி கேப்பானாமா. இதுல ஏதாச்சும் கலந்திருக்குதான்னு. நீங்க சொல்ற பதில நம்பறதுன்னு முடிவு பண்ணிருக்கான். அதுக்கு அவன் எவ்வளவு பாடுபட்டிருக்கான்னு எனக்குத்தான் தெரியும். அம்மா, ஒரு சொட்டுகூட வேண்டாம். சரிங்களா?"ன்னா. சரின்னேன். சத்தியமெல்லாம் பண்ணல நானு. சரின்னேன், அவ்வளவுதான்.

நீங்க காத்தால சாப்புட்டீங்களா? மொகம் வாடிக் கெடக்குதே. பிஸ்கட்ட நம்பியா வந்தீங்க? ஏனுங்க, கூச்சப்படாதீங்க. நெறையாக் கொண்டாந்திருக்கறேன். அந்தப் பைய இப்புடி நகத்துங்க. தூக்குப்போசிய எடுத்துத் தொறங்க. நான் தொறந்தா கொட்டிருவேன், பாருங்க, வெரலு எப்புடி ஆடுதுன்னு.

அது இல்ல! அத வெச்சுருங்க அம்மிணி. அது வேண்டாம். அது அவனுக்கு. நீங்க அடியில இருக்கற டப்பாவ எடுத்துக்குங்க. அதும் அரிசிம்பருப்புத்தான், ஒரே குண்டாவுல வெந்ததுதான். மொதல்லயே தனியா எடுத்து வெச்சுட்டேன்.

ஏன் அப்புடிப் பாக்கறீங்க?

ரொம்பக் கொஞ்சமுங்க. முன்ன மாதிரி இல்ல. இங்க குடுக்கற மாத்திரைய நெசமாத்தான் முழுங்கறானான்னு இவிங்களுக்குத் தெரியுமா? எல்லாம் அவனக் கேட்டுக் கேட்டுச் செய்யறவங்க. இன்னொருக்கா அவன் அந்த பிளாட்பாரத்துல கெடந்தா என்னால தாங்க முடியாது. நீங்க சின்னப் பொண்ணு, உங்களுக்குத் தெரியாது. காத்தால நானே ஒரு வட்டல் போட்டுத் தின்னு பாத்துட்டுத்தான் வந்தேன், ருசியில ஏதாச்சும் தெரியுதான்னு. ஒன்னுந் தெரியல. அவனுக்கும் தெரியாது. கேட்டான்னா, ஒன்னும் இல்லடா கண்ணுன்னு சொல்லிட்டு மொத வாய் நானே திம்பேன். நான் தின்னா அவன் திம்பான்.

உங்க தம்பியும் மாத்திரைக்கு மல்லுக்கட்டுனா சொல்லுங்க, அந்த டாக்டரு விலாசம் தாரேன்.

அதா, என்ற பேரத்தான் கூப்படறாங்க. வாரேன், வாரேன் பெனிட்டா! அந்தப் போசியக் குடுங்க அம்மிணி. எந்திரிக்கறப்ப சித்த கையப் புடிச்சுக்குங்க, காலு பின்னுது. பாருங்க, கதவுக்கிட்டயே வந்து நிக்கறான். தலை வாரி, சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு. என்னையப் பாத்துச் சிரிக்கறான் பாருங்க. என்ற சாமி, சிரிக்கறான்.

நான் திரும்பி வந்து இந்தச் சேர்ல தூங்கிட்டேன்னா, போறப்ப எழுப்பி உட்டுட்டுப் போங்க. அஞ்சு மணி பஸ்ஸ உட்டா அப்பறம் எனக்குப் பஸ் இல்ல.